எது வேண்டும் என்று கேட்கும் கம்ப்யூட்டர்

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டதும் வேலையைத் தொடங்காது. முதலில் ஒரு கேள்வி கேட்கும். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்று புதிய சிஸ்டம், இன்னொன்று பழைய சிஸ்டம்; சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டரையே ஓட்டுகிற சாஃப்ட்வேர். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு முப்பது விநாடி காத்திருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். புதியது எனக்கு, பழையது என் தம்பிக்கு.

நாங்கள் இருவரும் சேர்ந்து பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறோம். கண்ணாடிக் கதவில் ஒட்டுகிற 'தள்ளு', 'இழு' தொடங்கி, வக்கீல் வீட்டு வாசலில் மாட்டுகிற பித்தளைப் பலகை வரைக்கும் செய்வோம். முன்னறையில் உட்கார்ந்து நான் டிசைன் போடுவேன். பின்னறையில் தம்பி அதை மெஷினில் செதுக்குவான். செதுக்கிய பள்ளத்தில் பெயிண்ட் நிரப்புவது மறுபடி என் வேலை. அவனுடைய பழைய மெஷின் பழைய சிஸ்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்படும். என் டிசைன் சாஃப்ட்வேரோ புதியதில் மட்டும்தான் ஓடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. மதியம் ஒரு மணி வரை கம்ப்யூட்டர் என்னுடையது. நான் சாப்பிடப் போனதும் அவனுடையது.

இதைச் செய்துகொடுத்தவர் ஒரு டெக்னீஷியன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. எந்த வேலையைச் சொன்னாலும் "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்க்கா" என்பார். இரண்டு சிஸ்டத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் குடியேற்ற அவருக்கு ஒன்றரை நாள் ஆனது.

எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று பதினோரு மாதம் ஆயிற்று. காரணம் அம்புக்குறி. ஓர் ஆஸ்பத்திரிக்கு நாற்பது வழிகாட்டிப் பலகைகள் செய்தோம். பாதி வேலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பலகையை எதிர்ச்சுவரில் மாட்டப் போகிறார்களாம், அம்புகளை எல்லாம் மறுபக்கம் திருப்ப வேண்டுமாம். நான் பின்னறைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவனோ நான் சொல்லவே இல்லை என்கிறான். விளைவு, எக்ஸ்ரே எடுக்கப் போனவர்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் போய் வரிசையாக நின்றார்கள். கண் பரிசோதனைக்குப் போன ஒரு பெரியவரைத் துணி துவைக்கிற இடத்திலிருந்து மீட்டார்கள்.

"சொன்னா காதுல வாங்கணும்டா!" என்று நான் கத்தினேன்.

"சொன்னாத்தானே வாங்குறதுக்கு!" என்று அவன் கத்தினான்.

மெஷின் போடுகிற சத்தத்தில் நான் சொன்னது அவனுக்குக் கேட்காமலே போயிருக்கலாம். இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்றைக்கே தோன்றியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது வேறு. "இனிமே இந்தக் கடையில உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளு!"

"கேக்க மாட்டேன். நான்தான் உங்கிட்ட பேசவே போறதில்லையே" என்றான் அவன்.

பிடிவாதத்தில் எங்கள் இருவரையும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் கடையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. வாடிக்கையாளர்கள்தான் எங்களுக்கு நடுவில் தூது போனார்கள். "அவர் நாளைக்கு வரச் சொன்னாருங்க, நீங்க இன்னைக்கே தர்றதா சொன்னீங்களாமே" என்று பாவம், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்தார்கள்.

நான்காம் நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது. பழைய சிஸ்டத்தின் வரி அப்படியே இருந்தது. என் வரியில் 'புதியது' என்ற பெயரைக் காணோம். அந்த இடத்தில், 'சிவப்பு பெயிண்ட் தீர்ந்துபோச்சு' என்று இருந்தது.

வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தீர்ந்துதான் போயிருந்தது.

அந்தத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தான். அந்த வரிகளின் பெயரை எப்படி மாற்றுவது என்று அஞ்சு நிமிஷம் அவனுக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். நானும் போன் போட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த சிஸ்டத்துக்குள் இருந்தும் இரண்டு வரிகளையும் மாற்றலாமாம். உடனே அவனுடைய வரியில் 'தெரியும்' என்று எழுதி வைத்தேன். பேசமாட்டேன் என்றுதான் சபதம் போட்டேன். எழுதமாட்டேன் என்று எப்போது சொன்னேன்?

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் என் வரியில் எழுதுவான், நான் அவன் வரியில் எழுதுவேன். நீளமாக எழுதினால் பாதியில் வெட்டிவிடும் என்பதால் திட்டுவதில்கூட எங்களுக்குச் சிக்கனம் வந்துவிட்டது.

'ஃபேனை அணைக்கவும்' என்று எழுதுவேன். 'அணைத்தேன். நீ லைட்டை?' என்று பதில் இருக்கும். அவன் பெண்ணுக்குப் பரீட்சை முடிவு வந்த சமயத்தில் 'மார்க் எவ்வளவு' என்று கேட்டேன். 'அறுபத்தெட்டு. கணக்கில் போச்சு' என்று வந்தது. 'அத்தை புத்தி வரவில்லை' என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால், 'அதுவே பெரிய நிம்மதி'. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்போது உள்ளே வந்த ஒரு வாடிக்கையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். என் வரியில், 'மாத்திரை டிராயரில்' என்று இருந்தது. டிராயரைத் திறந்தேன். மாத்திரை அட்டையும், ஒரு வேளைக்கு எத்தனை என்று செதுக்கிய சின்ன பிளாஸ்டிக் பலகையும் இருந்தன. மனிதன் காகிதத்தில் எழுத மாட்டான்.

காலையில் கடையைத் திறந்ததும், கூட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் போடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வேலை அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதத்துக்கு முன் புதிய செதுக்கும் மெஷின் வாங்கினோம். அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். ஆனாலும் தம்பி தினமும் நான் சாப்பிடப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தான். பழைய சிஸ்டத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வினை ஒரு ஹோட்டல் ஆர்டரில் வந்தது. முந்நூறு அறைகளுக்கு எண் பலகை. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பூவேலை. நாற்பது அறை முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் 'இடமில்லை' என்று கையை விரித்துவிட்டது. அஞ்சு நிமிஷத்துக்குப் போன் போட்டேன்.

"பழைய சிஸ்டத்தை எடுத்துட்டா பாதி டிஸ்க் காலியாகும்க்கா. நாளைக்குக் காலையில வந்து எடுத்துடுறேன். அஞ்சு நிமிஷம்" என்றார்.

தம்பியின் வரியில், 'நாளை பழையதை எடுக்கிறோம். வேண்டியதை எடுத்துக்கொள்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். மறுநாள் காலை என் வரியில் பதில் இருந்தது. 'எனக்கு ஒன்றும் வேண்டாம்.'

எவ்வளவு திமிர் பாருங்கள்! வேண்டாமாம். வேண்டாம் என்றால் போ என்று நானும் விட்டுவிட்டேன்.

அஞ்சு நிமிஷம் பையோடு வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்து மேஜையில் ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டிய மாதிரிப் பலகைகளுக்குச் சிவப்பு பெயிண்ட் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாகச் சொன்னார்.

"இனிமே உங்களுக்குத் தொல்லையே இல்லக்கா. அந்தக் கேள்வி வராது."

"எந்தக் கேள்வி?"

"எது வேணும்னு கேக்குமே, அதான். இனிமே ஒண்ணுதானே இருக்கப் போகுது, என்னத்தைக் கேக்கப் போகுது? சுவிட்சைப் போட்டா நேரா உள்ள போயிடும். தினமும் முப்பது செகண்ட் மிச்சம்."

எனக்குப் பிரஷ் கையிலிருந்து நழுவியது. இது எனக்கு ஏன் நேற்றே தோன்றவில்லை? பதினோரு மாதமாக என் தம்பி என்னிடம் சொன்னது எல்லாம் அந்த ஒரு வரியில்தான். நான் அவனிடம் சொன்னதும் அதற்கு அடுத்த வரியில்தான். அதையும் துடைத்துவிட்டால் எங்களுக்குள் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. போன் போட்டு ஆளைக் கூப்பிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து, நானே துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

"அந்தக் கேள்வி மட்டும் இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்குக்கா?"

"பழகிடுச்சு."

"பழையதே இல்லாம அதோட வரியை மட்டும் எப்படிக்கா வைக்கிறது? யாராவது அதை அழுத்தினா எங்க போறது?"

"யாரும் அழுத்த மாட்டாங்க."

"யாரும் அழுத்தாததை எதுக்கு வைக்கணும்?"

பதில் சொல்லத் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். "சரி, எடுக்கவே வேண்டாம். பழையது பாட்டுக்கு இருக்கட்டும். நான் அந்தப் பூவை எல்லாம் சின்னதா போட்டுக்குறேன்."

"நேத்து நீங்கதானேக்கா எடுக்கச் சொன்னீங்க?"

"நேத்து சொன்னது நேத்து."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, எதற்கும் சாரைக் கேட்டுவிடுகிறேன் என்று பின்னறைக்குப் போனார். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. மெஷின் ஓடவில்லை. நான் பெயிண்டைக் கலக்குகிற சாக்கில் தடுப்பை ஒட்டிப் போய் நின்றேன்.

"சார், பழையதை எடுத்துடலாமா?"

"வேண்டாம்" என்றான் தம்பி.

"அதுல உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"என்ன சார்?"

"ஃபைல்."

"என்ன ஃபைல்?"

பின்னறையில் ஏதோ டிராயரைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "முக்கியமான ஃபைல்" என்றான்.

அஞ்சு நிமிஷம் திரும்பி வந்தார். "அக்கா, உங்களுக்கும் பழையது வேணும், சாருக்கும் பழையது வேணும். அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? வேலை மெனக்கெட்டு வந்திருக்கேன்." அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த முக்கியமான ஃபைலை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடலாம் என்று சொல்லிப் பழைய சிஸ்டத்தைத் திறந்தார். அது முக்கி முனகித் திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் அங்கும் இங்கும் தேடினார்.

"ஃபைல்னு ஒண்ணும் இல்லையேக்கா. பழைய மெஷினோட டிசைன் கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான். இன்னொண்ணு, இதை யாரும் திறந்தே அஞ்சு மாசம் ஆச்சு. இதோ பாருங்க, கடைசியா திறந்த தேதி."

"இருக்காதே. தினமும் மத்தியானம் இதுலதானே உக்காந்திருக்கான்."

"உக்காந்திருக்கலாம். இதைத் திறக்கல."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. பழைய சிஸ்டத்தைத் திறக்கவில்லை என்றால் தினமும் என் வரியை மாற்றியது யார்? எப்படி? கேட்கலாம் என்று வாயெடுத்தேன், போன் அடித்தது. ஹோட்டல்காரர். மாதிரிப் பலகையோடு முந்நூறு டிசைனும் இன்று மாலைக்குள் வரவில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இடமில்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"எடுத்துடுங்க" என்றேன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்காமல் பெயிண்ட் டப்பா பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு உண்மையாகவே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பழையது போயிற்று. பாதி டிஸ்க் காலி. "பாருங்க" என்று பெருமையாகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

கறுப்புத் திரை வந்தது. அதில் என் வரியும் இல்லை, அவன் வரியும் இல்லை. தொடங்குவதற்கு எந்த சிஸ்டமும் அகப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அஞ்சு நிமிஷம் இன்னொரு தடவை அணைத்துப் போட்டார். அதே வாக்கியம். அவர் நெற்றியில் வேர்வை தெரிந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. புதுசு ஸ்டார்ட் ஆகுறதுக்கான ஃபைலும் பழையது இருந்த பக்கத்துலதான் இருந்திருக்கு. வாசல் அந்தப் பக்கம் இருந்ததை நான் கவனிக்கல."

"வாசலை இடிச்சுட்டீங்களா?"

"வீடு பத்திரமா இருக்குக்கா! உள்ள உங்க டிசைன் எல்லாம் அப்படியே இருக்கும். வாசல் மட்டும்தான் இல்ல."

அப்போது நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். முந்நூறு பலகை, மாலைக் கெடு, ஒன்றரை நாள் கணக்கு, எல்லாவற்றையும் சேர்த்து அவர் தலையில் கொட்டினேன். கொட்டியதில் பாதி அவருக்குச் சேர வேண்டியதே இல்லை. அந்த இரண்டு வரிகள் போன துக்கத்தை வேறு யாரிடம் காட்டுவது? சத்தம் கேட்டுத் தம்பி பின்னறையிலிருந்து வந்தான். தடுப்பு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

அஞ்சு நிமிஷம் ஒரு பென் டிரைவைச் செருகி, என்னென்னவோ தட்டினார். நிமிடங்கள் ஓடின. கடைசியில் நீலத்திரை ஒன்று வந்தது. அதில் ஒரு வெள்ளைக் கட்டம்.

"அப்பாடா. சரி பண்ணிடலாம். உங்க பாஸ்வேர்டு கேக்குதுக்கா. சொல்லுங்க."

"நானே அடிக்கிறேன், தள்ளுங்க."

"கையைப் பாருங்கக்கா."

பார்த்தேன். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. பிரஷ் நழுவிய பிறகு கலக்கிய கலக்கில் டப்பாவே கைமேல் கவிழ்ந்திருக்கிறது. அதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

"கழுவிட்டு வரேன்."

"அது தின்னர் போட்டுத் தேய்ச்சாலும் கால் மணி நேரம் ஆகும்க்கா. எனக்கு அடுத்த இடத்துக்குப் போகணும். சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்தான். ஆனால் யார் காதில் விழக்கூடாதோ அவன் மூன்றடி தள்ளி நிற்கிறான். அவன் முன்னால் அந்த வார்த்தையை வாயால் சொல்வதைவிட முந்நூறு பலகையையும் கையாலேயே செதுக்கிவிடலாம்.

"மறந்துபோச்சு" என்றேன்.

"தினமும் அடிக்கிறதுதானேக்கா?"

"மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சு. விடுங்களேன்!"

அவர் கைகளை விரித்தார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூசணி" என்றான் தம்பி.

அஞ்சு நிமிஷம் திரும்பினார். "என்ன சார்?"

"பாஸ்வேர்டு. பூசணி. இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து, ரெண்டு 'ஓ'. அப்புறம் பதினேழு."

அவன் பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அப்படியோர் உருண்டைக் குழந்தை. இடுப்பில் தூக்கினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பேன். பூசணி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் முன்னால் ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து உருண்டு புரண்டு அழுதான், அதோடு விட்டுவிட்டேன். இப்போது அவனுக்கு நாற்பது வயது, ஒல்லிக்குச்சி. பதினேழு அவன் பிறந்த தேதி. அந்தப் பாஸ்வேர்டை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அஞ்சு நிமிஷம் அடித்தார். கட்டம் திறந்துகொண்டது. உள்ளே ஏதோ சரியாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். சபதம் அங்கேயே செத்தது.

"பழையதைத் திறக்கக் கால் மணி நேரம் ஆகும். ஒரு வரி மாத்துறதுக்கு யாரு காத்துக்கிட்டிருக்கிறது? உன்னோடதுல போயிடலாம்னு பாத்தேன். முதல்ல அம்மா பேரை அடிச்சேன். அப்புறம் கடை பேரு. அப்புறம் சும்மா ஒரு தடவை இதை அடிச்சேன்." அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "திறந்துச்சு."

"அஞ்சு மாசமாவா?"

"ம். உனக்கு எம்மேல இருக்குற கோவத்துல நீ என்னைக்காவது மாத்திடுவியோன்னு நெனைப்பேன். தினமும் பயந்துகிட்டேதான் அடிப்பேன். தினமும் திறந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது, நன்றாகவே அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"பெயிண்ட்டு அக்கா, கண்ணுல பட்டுடப் போகுது" என்று அவன் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கையும் சிவப்பாயிற்று.

கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், என் ஹோட்டல் டிசைன்களை எல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. அஞ்சு நிமிஷம் பையைக் கட்டிக்கொண்டே, எங்களில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. பாஸ்வேர்டை வேற ஏதாவது மாத்தித் தந்துட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். தம்பியும் அதையேதான் சொன்னான், என்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.